குருதி வழியும் காய்ச்சல் வழியும்

(நாகர்கோவிலில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஷக்காய்ச்சல் என்று நம் வீட்டுப் பெண்டிர் வழங்குவதும், இன்புளூயன்சா என்று மருத்துவர் வழங்குவதுமாகிய நோய், மாந்தர் பிறப்பொடு பெற்ற வேறுபாடுகட்குத் தக்கவாறு ஒருவரைக் கடுமையாகவும் மற்றொருவரை மென்மையாகவும் பற்றுவது உண்மையோ என்பதே இன்று எமக்குப் பணிக்கப்பட்ட பொருளாகும். தமிழாசிரியனுக்கு மருத்துவத்தொடு என்ன உறவு என்று வினவுவார் இவ்வவையில் உளராகலாம். நோயைத் தீர்க்கும் நூல் மருத்துவர்க்கு உரியதே. ஆயினும், அந்நோயைக் குறித்து நம் திண்ணைகளிலும் மணப்பேச்சுகளிலும் வழங்கும் சொற்கள் நம் எல்லோர்க்கும் உரியன. சொல் பிழைபட்டவிடத்து அதனை எடுத்துக்காட்டுதல் ஆசிரியன் கடனாகலின், யாம் இதனைப் பேச உடன்பட்டேம்.

மழைக்காலத்தில் ஒரு வீட்டில் ஐவர் காய்ச்சலுற்றுப் படுக்கின்றனர். நால்வர் மூன்று நான்கு நாளில் எழுந்து நடமாடுகின்றனர். ஒருவர் மட்டும் மூச்சுத் திணறி ஆசாரிபள்ளத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றார். ஒரே உணவு, ஒரே கூரை, ஒரே காய்ச்சல். முடிவு மட்டும் வேறு. இதனைக் கண்ட நம்மவர் இருவகையாகப் பேசுகின்றனர். ஒரு சாரார், "நம் குலத்தார்க்கு இயல்பிலேயே உடலுரம் உண்டு; பிறரைத் தாக்குமாறு இந்நோய் நம்மைத் தாக்காது" என்பர். மற்றொரு சாரார், நோயாற் பிள்ளையை இழந்த வீட்டைச் சுட்டி, "அவ்வீட்டுக் குருதியே பழுதுபட்டது, அங்கே பெண்ணெடுத்தல் வேண்டா" என்பர். முதற்சொல்லை நம்பியவர் காப்பு மருந்தைப் புறக்கணிக்கின்றார். இரண்டாம் சொல்லோ, ஒரு குற்றமும் அறியாத பெண்ணொருத்தியின் வாழ்வைக் கெடுக்கின்றது. ஆகவே இவை இரண்டும் வெறும் வாய்ப்பேச்சு என்று விட்டுவிடத் தக்கன அல்ல.

இப்பொருளை மூன்று வினாக்களாகப் பகுத்துக் காண்பாம். குலத்திற்குக் குலம் இந்நோய் வேறுபடுமோ என்பது ஒன்று. ஒருவர்க்கு ஒருவர் பிறப்பு வேற்றுமையால் வேறுபடுமோ என்பது மற்றொன்று. அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது என்பது மூன்றாவது.

முதல் வினா: குலமும் நோயும்

முதல் வினாவிற்கு விடை காண, நம் நாட்டில் நிகழ்ந்த பெருங்கேடொன்றை நினைவுகூர்தல் வேண்டும். 1918-ஆம் ஆண்டு, முதல் உலகப் பெரும்போர் முடியுந் தறுவாயில், இன்புளூயன்சா நோய் கப்பல் வழியாகப் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. சூன் மாதத்தில் மெல்லெனத் தோன்றி அடங்கிய அந்நோய், செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களிற் பன்மடங்கு கடுமையொடு மீண்டது. போர்வீரரோடும் பயணிகளோடும் இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரந்தது. இந்திய நாட்டில் மட்டும் மாண்டோர் தொகை 1 கோடியே 20 லட்சத்திற்குக் குறையாது என்றும், 1 கோடியே 80 லட்சம் வரை இருக்கலாம் என்றும் ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். உலகில் வேறெந்த நாடும் அத்துணை உயிர்களை அந்நோய்க்குப் பறிகொடுத்ததில்லை. அதனினும் வியப்பு யாதெனின், முதியோரையும் குழவிகளையுமே பெரிதும் கொல்லும் இயல்பினதாகிய அக்காய்ச்சல், அவ்வாண்டில் 20 முதல் 40 வயது வரையுள்ள காளையரையும் கன்னியரையும் தாய்மாரையும் மிகுதியாகக் கொண்டு போயிற்று. நம் நாட்டில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக மாண்டனர்.

பம்பாய் நகரத்தார் அன்று இறந்தோர் கணக்கைச் சாதிவாரியாகவும் சமயவாரியாகவும் எழுதி வைத்தனர். ஆயிரம் பேர்க்கு இறந்தோர், ஐரோப்பியருள் 8.3, பார்சிகளுள் 9, உயர்சாதி இந்துக்கள் என்று எழுதப்பட்டோருள் 18.9; முகம்மதியருள் 19.2, தாழ்ந்த சாதியார் என்று அந்நாளில் எழுதப்பட்டோருள் 61.6. ஐரோப்பியரினும் ஏழு மடங்கிற்கு மேலாக அவ்வேழை மக்கள் மாண்டனர் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இதனைக் கண்டவுடன், "பார்த்தீரா! குருதியில் வேறுபாடு உண்டென்பது மெய்தானே!" என்று கூறத் துணிவார் சிலர் உளர். அன்னார் சற்றே பொறுத்துச் சிந்திப்பாராக. அவ்வேழு மடங்கு மாண்டோர் எங்கே வாழ்ந்தனர்? காற்றும் ஒளியும் புகாத சிற்றறைகளில், ஓரறைக்கு எண்மரும் பதின்மருமாக வாழ்ந்தனர். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. தவச விலை ஏறிற்று. உண்ண உணவின்றி மெலிந்த உடலொடு அவர் நோயை எதிர்கொண்டனர். காய்ச்சலுற்ற நாளிலும் கூலிக்குச் சென்றாலன்றிக் கஞ்சி இல்லை. படுத்தால் நீர் வார்த்துக் கொடுக்கவும் ஆளில்லை. பெண்டிர் மிகுதியாக இறந்ததும் இதனை ஒட்டியதே. வீட்டார் அனைவர்க்கும் ஊழியம் செய்து, எஞ்சியதை உண்டு, இறுதியில் தாம் படுக்கும் வழக்கமுடையார் அவரேயன்றோ? ஆணுக்கும் பெண்ணுக்கும் குலம் வேறோ? ஒரே குலத்துள், ஒரே வீட்டினுள் அவ்வேற்றுமை நிகழ்ந்தமையின், அதனைக் குலக்குருதியின் மேல் ஏற்றுதல் பொருந்தாமை தெற்றென விளங்கும்.

மற்றுமொரு சான்று கூறுவாம். 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த 'ரஜூலா' என்னும் கப்பலில் இன்புளூயன்சா மீண்டும் நம் நாட்டிற்குள் நுழைந்தது. இம்முறை அது நுழைந்த வாயில் நம் சென்னைத் துறைமுகமே. கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் பல்லாயிரவரை ஏற்றிச் சென்றதும் மீட்டுக் கொணர்ந்ததுமாகிய கப்பல் அது. குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்து இன்புளூயன்சா ஆராய்ச்சியாளர் அந்நோயை ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை அரசினர்க்குத் தெரிவிக்கப்பட்ட நோயாளர் ஏறத்தாழ 44 லட்சம். இறந்தோர் ஆயிரத்துச் சொச்சமே. கணக்கில் வாராது விடுபட்டோர் பலர் என்று கொள்ளினும், 1918-க்கும் 1957-க்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாம். இடைப்பட்ட 39 ஆண்டுகளில் நம் மக்களின் குருதி மாறிவிட்டதோ? இல்லை. இரண்டு தலைமுறைக்குள் அங்ஙனம் மாறுதல் இயலாது. மாறியவை பிற: வந்த வைரஸின் வகை வேறு, நாட்டில் அன்றுபோற் பஞ்சம் இல்லை, காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நுரையீரல் அழற்சிக்குப் பென்சிலின் முதலிய மருந்துகள் வந்துவிட்டன.

எனவே முதல் வினாவிற்கு விடை இதுவாம்: குலத்திற்குக் குலம் இந்நோய் வேறுபட்டதாகக் காணப்பட்டவிடத்து, அவ்வேற்றுமைக்கு வீடும் உணவும் கூலியும் பணிவிடையும் மருந்துமே முதற்காரணங்கள். நம் குலம் நம்மைக் காக்கும் என்று மார்தட்டுதற்கு இதில் இடமில்லை.

இரண்டாம் வினா: ஏடும் பாடபேதமும்

இனி, ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாட்டிற்கு வருவாம். ஈண்டுப் பிறப்பு வேற்றுமை ஒன்றுமே இல்லை என்று கூறுதலும் பிழையாகும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் உடலை ஆக்கும் முறை முழுவதும் எழுதப்பட்ட ஏடொன்று உளது. அறிவியலார் அதன் பகுதிகளை மரபணுக்கள் என்பர். பண்டை நூல்கள் அச்சேறு முன்னர் ஓலையினின்று ஓலைக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வந்தமை யாவரும் அறிவர். எழுதுவோர் கைப்பிழையால் ஓரெழுத்து மாறும். அங்ஙனம் மாறியதனைப் பாடபேதம் என்போம். சில பேதங்களாற் பொருள் சிதையாது. சிலவற்றால் 'அறம்' என்பது 'அரம்' ஆகி, பொருள் முற்றும் மாறும். மரபணுவின் ஏடும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெயர்த்தெழுதப்படுங்கால் இங்ஙனமே எழுத்து மாறுதல் உண்டு. பல்லாயிரம் தலைமுறைகளாகச் சேர்ந்த அப்பாடபேதங்களே மாந்தரிடைப் பிறப்பு வேற்றுமையாவன.

இவ்வேட்டிற்கு ஒரு சிறப்பு உண்டு. ஒவ்வொருவரிடத்தும் இது இரண்டு படிகளாக உளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இந்நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்துப் பொருளுரிமை மருமக்கள் வழியிற் சென்றதும், அதனால் மக்கள் பட்ட அல்லலைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் மருமக்கள்வழி மான்மியத்துட் பாடியதும், 1926-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டத்தால் அம்முறை மாறியதும் இவ்வவையினர் நன்கறிவர். பொருள் செல்லும் வழியைச் சட்டம் வகுக்கும்; சட்டமே மாற்றும். மரபணு செல்லும் வழியோ எச்சட்டத்திற்கும் உட்பட்டதன்று. காரணவரின் நிலமனைத்தும் மருமகனுக்குச் சென்ற அந்நாளிலும், அவர் மரபணுவிற் பாதி அவர் மக்களிடத்தே தான் இருந்தது. மருமகனிடத்து அவரொடு பொதுவாய் இருந்தது காற்பங்கே. தந்தையிற் பாதி, தாயிற் பாதி என்பதே அதன் முறை.

ஓலை செல்லரித்த விடத்து மற்றொரு படியைப் பார்த்துப் படிப்பது போல, ஒரு படியிற் பழுதிருந்தாலும் மறு படி செம்மையாயிருப்பின் உடல் பெரும்பாலும் குறைவின்றி நடைபெறும். இரண்டு படியிலும் ஒரே இடத்திற் பழுதிருப்பின் அப்பொருள் அவ்வுடலுக்குக் கிட்டாது. இதனை நன்கு மனத்திற் பதித்துக் கொள்வீராக. பின்னர்க் கூறுவன யாவும் இதன்மேல் நிற்பன.

இன்புளூயன்சா வைரஸ் உயிரணுவினுட் புகுந்தவுடன் ஒரு சிறு பையினுள் அடைபட்டிருக்கும். அப்பையை விட்டு வெளிப்பட்டால்தான் தன் இனத்தைப் பெருக்க இயலும். அங்ஙனம் வெளிப்படாவாறு தடுக்கும் காவற் புரதமொன்று நம்மிடத்து உண்டு. அதற்குரிய மரபணுவை ஐ.எஃப்.ஐ.டி.எம்.3 என்று குறிப்பர். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் இன்புளூயன்சாவால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட 53 பேரை ஆராய்ந்து, 2012-இல் அறிஞர் ஒரு செய்தி வெளியிட்டனர்: அம்மரபணுவில் ஓரெழுத்து மாறிய படி இரண்டும் வாய்த்தோர், பொதுமக்களிடை இருப்பதினும் அந்நோயாளரிடை மிகுதி என்பது. மறு ஆண்டு, சீன நாட்டுப் பீகிங் நகர ஆராய்ச்சியாளரும் கடுமையாய் நோயுற்றோரிடை அப்பேதம் மிகுந்திருத்தலைக் கண்டனர். அப்பேதம் ஐரோப்பியரிடை அரிது. சீனரிடை மிகப் பொது. ஆயினும், பின்னர் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வுகள் சில அத்தொடர்பைக் காணவில்லை. ஆகவே, ஓரெழுத்தைக் கண்டவுடன் ஒருவர் ஊழையே கண்டுவிட்டதாகக் கொள்ளுதல் கூடாதென்பதும் இதனாற் பெறப்படும்.

இதனினும் தெளிவானது மற்றொன்று. பிரான்சு நாட்டில், அதுகாறும் நலமாய் வளர்ந்த இரண்டரை வயதுப் பெண்குழந்தையொன்று, 2011-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இன்புளூயன்சாவால் நுரையீரல் செயலற்றுச் சாவின் வாயில் வரை சென்று மீண்டது. அதன் மரபணுக்களை ஆராய்ந்தோர் 2015-இல் காரணத்தை வெளியிட்டனர். வைரஸ் புகுந்தவிடத்து உடலெங்கும் எச்சரிக்கை செய்யும் பொருள் இண்டர்ஃபெரான் எனப்படும். அதனைச் சுரக்கச் செய்யும் ஐ.ஆர்.எஃப்.7 என்னும் மரபணு, அக்குழந்தையின் இரு படிகளிலும் பழுதுபட்டிருந்தது. தாயிடம் ஒரு படி பழுது. தந்தையிடம் ஒரு படி பழுது. இருவரும் நலமாகவே வாழ்ந்தனர். இரு பழுதும் ஓருடலிற் கூடியபோதுதான் கேடு விளைந்தது.

இக்கதையின் பிற்பகுதியே நமக்கு மிக வேண்டுவது. அக்குழந்தை பின்னர் ஆண்டுதோறும் இன்புளூயன்சாக் காப்பூசி இடப்பட்டு, அத்தகைய கொடுநோய்க்கு மீண்டும் ஆளாகாது வளர்ந்தது. பிறப்பால் வந்த குறையை மருந்தால் ஈடு செய்தல் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பிறப்பு ஒரு கூறு. அதுவே முடிவு அன்று.

இனி, குடும்பவழித் தொடர்பைப் பொதுமக்களிடை எங்ஙனம் அளப்பது? ஒரு வீட்டில் இருவர் இறந்தால், குருதி ஒன்றானமையாலோ கூரை ஒன்றானமையாலோ என்று பிரித்தறிதல் அரிது. இதற்கு அறிஞர் ஓர் உபாயம் கண்டனர். கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வர்; அவர்தம் மரபுவழியோ வேறு. ஆகவே, இறந்தோரின் இரத்த உறவினரையும், இறந்தோருடைய கணவன் அல்லது மனைவியின் உறவினரையும் ஒப்பிட்டு நோக்கினர். 2008-ஆம் ஆண்டில் இரு நாட்டு ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து வமிசாவளிகளை ஆராய்ந்தோர், இன்புளூயன்சாவால் இறக்கும் இயல்பிற்குக் குடும்பவழித் தொடர்பு உண்டென்றனர். ஐஸ்லாந்துத் தீவில் 1918-இல் மாண்டோரின் வமிசாவளியை ஆராய்ந்தோர், அத்தகைய தொடர்பு புலப்படவில்லை என்றனர். இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின், குருதி வழி ஒரு காரணம் ஆகலாம் எனினும், அது கூரை வழியை விஞ்சி நிற்பதன்று என்பது போதரும்.

நம் நாட்டுச் செய்தி

நம் தமிழகத்திலேயே பாடபேதத்தின் இருமுகத்தையும் காட்டும் சான்று உண்டு. 1952-இல் நீலமலைப் பழங்குடியினரிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு நோய்க்குரிய மரபணு கண்டறியப்பட்டது. இரு படியும் அங்ஙனம் மாறியவர் பெருந்துன்பம் எய்துவர். ஒரு படி மட்டும் மாறியவரோ, கொடிய மலேரியாவினின்று பெரிதும் காக்கப்படுவர். மலேரியா மிகுந்த காட்டில் அம்மாற்றம் காப்பாகும். இரு படியும் கூடியவிடத்து அதுவே கேடாகும். ஆதலின் அதனை 'நற்குருதி' என்பதா, 'தீக்குருதி' என்பதா?

அண்மையிற் கொரோனாப் பெருந்தொற்றின்போதும் இவ்வுண்மை வெளிப்பட்டது. மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு நெடும்பகுதி, நியாண்டர்தால் என்னும் தொல்மாந்தரிடமிருந்து நமக்கு வந்தது. அதனை உடையோர்க்குக் கொரோனா நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி என 2020-இல் கண்டனர். தென்னாசிய மக்களிற் பாதிப்பேர் அதனைத் தாங்குகின்றனர். ஐரோப்பியரிடை அது 16 விழுக்காடே. அதே பகுதி எச்.ஐ.வி. தொற்றினின்று ஓரளவு காக்கின்றது என 2022-இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. ஒரு நோய்க்குக் குறையாவது மற்றொரு நோய்க்குக் காப்பாதலின், எல்லா நோய்க்கும் மேம்பட்ட குருதி என்று ஒன்று இவ்வுலகில் இல்லை என்க.

நம் குலம் தொன்றுதொட்டுக் கலவாத் தனிக்குலம் என்று எண்ணுவார்க்கும் மரபணு நூலார் ஒரு செய்தி வைத்துள்ளனர். இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகட்கும் 1,900 ஆண்டுகட்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்கள் வடக்கும் தெற்குமாக, மேலோரும் கீழோருமாக, எங்கும் பரவலாகக் கலந்தனர் என்றும், அதன் பின்னரே தத்தம் குழுவினுள் மணக்கும் வழக்கம் இறுகிற்று என்றும் காட்டினர். நீலமலைக் காட்டிலுள்ளாரும் நகரத்து மாடத்திலுள்ளாரும் அக்கலப்பிற்கு விலக்கல்லர்.

அவ்விறுக்கத்தால் விளைந்தது யாது? 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தென்னாசியாவில் 260-க்கு மேற்பட்ட குழுக்களை நோக்கிற்று. அவற்றுள் 81 குழுக்கள், சிலரே முன்னோராக நின்று பெருகியமையின், அடைபட்ட குழுக்கட்கு எடுத்துக்காட்டாக மேல்நாட்டார் கூறும் பின்லாந்து மக்களினும், ஐரோப்பிய யூதரினும், மிகுதியாக ஒரே முன்னோரின் படியைத் தாங்கி நிற்கின்றன என்று கண்டது. தொகையில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பெருஞ்சாதிகளும் அவற்றுட் சில. மக்கள் பலராயிருத்தலால் மட்டும் மரபணு பலவாயிருக்கும் என்று கருதற்க. ஓரேட்டினின்று ஆயிரம் படி எடுத்தாலும் மூலத்துப் பிழை ஆயிரத்திலும் இருக்குமன்றோ?

மணமும் மரபணுவும்

இதனின்று நம் மண வழக்கத்தைப் பற்றிச் சில கூறாதிருத்தல் நேர்மையன்று. தமிழகத்திற் பலவிடத்து அக்காள் மகளை மணத்தலும், மாமன் மகள், அத்தை மகளை மணத்தலும் உரிமையாகப் போற்றப்படுகின்றன. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், உறவுமுறை மணம் மிகுந்த மாநிலமாகக் காணப்பட்டது நம் தமிழகமே. காற்பங்கிற்கு மேற்பட்ட மணங்கள் உறவினுள் நிகழ்ந்தனவாம்.

ஒரு கணக்கிட்டுக் காண்பாம். நூற்றுவருள் ஒருவர் ஒரு பழுதுற்ற படியைத் தாங்குவதாக வைத்துக் கொள்வோம். உறவல்லாத இருவர் மணந்தால், அவர்க்குப் பிறக்கும் பிள்ளை இரு படியும் பழுதுறப் பிறக்கும் வாய்ப்பு நாற்பதினாயிரத்தில் ஒன்று. மாமன் மகளை மணந்தால், இருவர்க்கும் பாட்டனும் பாட்டியும் பொதுவாகலின், அவ்வாய்ப்பு ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்றாகும். அக்காள் மகளாயின் இன்னும் மிகும். பதின்மூன்று மடங்கு மிகுந்தது என்று அஞ்சுவார், மூவாயிரவருள் ஏனையோர் அப்பழுதின்றிப் பிறப்பர் என்பதையும் உடன் எண்ணுக. ஆயினும் பழுதுபடக்கூடிய மரபணுக்கள் பலவாகலின், சிறு வாய்ப்புகள் ஒன்றுகூடிப் பெரிதாகும். உறவுமணத்துப் பிறந்த குழந்தைகளிடைப் பிறவிக்குறை ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுதல், 2013-இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரத்து ஆய்வாலும் உறுதிப்பட்டது.

முன்னோர் செய்த மணங்களைப் பழித்தற்கு இதனைக் கூறினேம் அல்லேம். நிலம் சிதறாமையும், பெண் அறியாத வீட்டிற் சென்று அல்லலுறாமையும் அவர் கருதியவை. இன்று மணப்பருவத்து மக்களையுடையார், நிலத்தொடு இதனையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். ஏற்கெனவே உறவில் மணந்தோர் அஞ்ச வேண்டுவதில்லை; பிள்ளைப்பேற்றிற்கு முன் மருத்துவரிடம் குடும்பத்து நோய்களை ஒளியாது உரைத்தால் போதும். தலைமுறைதோறும் அடுத்தடுத்து உறவினுள்ளேயே மணம் முடித்துவரும் வீட்டார், இனியேனும் சற்றே அகன்று பெண் கொள்ளுதல் நன்று.

மூன்றாம் வினா: நாம் செய்யத்தக்கன

முதலாவது, நோயாற் பிள்ளையை இழந்த வீட்டைக் குருதி கெட்ட வீடு என்று பேசும் வழக்கத்தை நம்மிடையே அறவே ஒழித்தல் வேண்டும். பழுதுற்ற படிகள் சிலவற்றைத் தாங்காத மாந்தர் எவரும் இலர். இவ்வவையில் உள்ள நாம் ஒவ்வொருவரும் தாங்குகின்றோம். பிரான்சு நாட்டுக் குழந்தையின் தாயும் தந்தையும் ஒவ்வொரு படி தந்தனர். அங்ஙனமிருக்க, நம் வீடுகளிற் பிள்ளை நோயுற்றால் தாயை மட்டும் தூற்றுவது எந்நூலின் நீதி? அத்தாயின் தங்கைக்கு வரும் வரனைத் தடுப்பது எவ்வறத்தின் பாற்படும்? நம் சங்கத்துப் பெரியோர் மணப்பேச்சில் அமருங்கால், இத்தகைய சொல் எழுந்தவிடத்தே அதனைத் தடுத்து நிறுத்தும் கடமையைத் தம்மேற் கொள்வாராக.

இரண்டாவது, காப்பூசி. இன்புளூயன்சா வைரஸ் ஆண்டுதோறும் தன் உருவை மாற்றுதலின், காப்பூசியும் ஆண்டுதோறும் புதிதாக இடப்படுதல் வேண்டும். கருவுற்ற பெண்டிர், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள், முதியோர், நீரிழிவும் ஆஸ்துமாவும் இதயநோயும் உடையோர், நோயாளரைப் பேணுவோர் ஆகியோர் இதனை முதன்மையாகப் பெறத்தக்கவர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமுமாகிய இருமழையும் பெறும் நாடு இது. மழைக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து காப்பூசி பெறுதல் முறை. விழாச் செலவிற் சிறிது குறைத்து, நம் குலத்து ஏழை முதியோர்க்கும், நம் வீடுகளில் வேலை செய்யும் பிற குலத்தார்க்கும் சங்கம் காப்பூசி இடுவிக்குமாயின், அது சிறந்த அறமாகும். பம்பாயில் அன்று எழுதிய கணக்கு நமக்குக் கற்பித்த பாடம் இதுவே: பக்கத்துக் குடிசையில் நோயிருக்க, மாளிகை மட்டும் நலமாயிருத்தல் நெடுநாள் நடவாது.

மூன்றாவது, பள்ளிச் செய்தியொன்று. ஆண்டு முழுதும் ஒரு நாளும் தவறாது பள்ளிக்கு வந்த மாணவர்க்குப் பரிசளிக்கும் வழக்கம் பலவிடத்தும் உண்டு. பரிசை விரும்பும் பிள்ளை காய்ச்சலோடும் வருகின்றது. அருகிலிருக்கும் பிள்ளைகட்கும் அக்காய்ச்சலைப் பங்கிடுகின்றது. அவருள் எப்பிள்ளையின் இரு படியும் பழுதுற்றது என்று எவர் அறிவார்? ஆதலின் அத்தகைய பரிசுகளை விலக்கி, காய்ச்சலுற்ற பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோரைப் பாராட்டுவது தக்கது.

நான்காவது, வீட்டில் எவர்க்கேனும் மூச்சுத் திணறல், உதடு நீலம் பாய்தல், தெளிவின்மை, குழந்தையாயின் பாலும் உணவும் மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இந்நோய்க்குரிய வைரஸ் எதிர்ப்பு மருந்து, நோய் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கொடுக்கப்படின் மிகுந்த பயன் தரும். 'நம் வீட்டில் எவர்க்கும் இப்படி ஆனதில்லை' என்று காத்திருத்தல் பேதைமை. அவ்வீட்டில் நோயுற்றவர் பெற்ற படிகள் எவை என்பதை, முன்னிருந்தோர் நலத்தைக் கொண்டு அறிய ஒண்ணாது.

அன்பர்காள்! யாம் கூறியவற்றைத் தொகுத்துரைப்பாம். பிறப்பு வேற்றுமை உண்டு. அது மனிதர்க்கு மனிதர், ஒரு வயிற்றுப் பிள்ளைகளிடையும் உள்ளது. குலத்தின் பெயரால் அதனை அளக்க இயலாது. அவ்வேற்றுமை பெரும்பாலும் தனித்து நின்று கொல்வதன்று. பசியும் நெருக்கமும் புறக்கணிப்பும் அதனொடு சேர்ந்தே கொல்லுகின்றன. பிறப்பை மாற்றுதல் நம்மால் இயலாது. ஏனையவற்றை மாற்றுதல் இயலும். வரும் செயற்குழுவில் காப்பூசிக்கு ஒரு நிதி ஒதுக்கும் தீர்மானத்தை அங்கத்தினர் யாவரும் ஒருமனதாக நிறைவேற்றுவீர்கள் என்று நம்புகின்றேம்.